கட்டை வளையம்: கேட்டவர்களுக்குப் பதில்

ஒரே அளவு கனசதுர மரக்கட்டைகளில் ஓட்டை போட்டு, எலாஸ்டிக்கில் முகத்தோடு முகம் சேர்த்துக் கோத்து, கடைசிக் கட்டையை முதல் கட்டையோடு சேர்த்தால் வளையம். தண்டையார்பேட்டையில் எங்கள் மாடியில் இது கிடந்ததைப் பார்த்து ஆளாளுக்குக் கேட்டார்கள்.

வியாசர்பாடி தம்பி: அண்ணே, 7 கட்டை கோத்தேன், எப்படி மடக்கினாலும் வாய் சேரவே மாட்டேங்குது. எலாஸ்டிக் சரியில்லையா?

எலாஸ்டிக் மேல் பழி போடாதே. கறுப்பு, வெள்ளை என்று மாற்றி மாற்றி பெயின்ட் அடி. 7வதும் கறுப்பு, முதலும் கறுப்பு. செஸ் போர்டில் கறுப்புக்குப் பக்கத்தில் கறுப்பு வருமா? ஒற்றைப்படையில் வளையமே கிடையாது.

கொருக்குப்பேட்டை அக்கா: தம்பி, 6 கட்டைக்கு என் பையன் 3 உருவம்தான் என்கிறான், நெட்டில் 22 போட்டிருக்கே?

இரண்டும் சரிதான்கா, எதை ‘ஒரே உருவம்’ என்று எடுத்துக்கொள்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்கலாம் என்றால் மூன்றுதான்: தட்டையாக 2க்கு 3 பலகை, அதையே நடுவில் மடக்கிய மாதிரி ‘ட’ வடிவம், இரண்டு கட்டை உயரத்தில், அப்புறம் எட்டுக் கட்டைப் பெட்டியில் எதிரெதிர் மூலை இரண்டைப் பிடுங்கியது. மேசையில் வைத்த திசையையும் கணக்கில் எடுத்தால் பலகையை 6 விதமாக வைக்கலாம், ‘ட’வை 12, மூலை பிடுங்கியதை 4. கூட்டினால் 22. கடைசி இரண்டிலும் ஆறு கட்டையுமே திரும்புகிற கட்டைதான், அதாவது ஓட்டை ஒரு முகத்தில் நுழைந்து பக்கத்து முகத்தில் வெளியே வரும். பலகையில் மட்டும் இரண்டு கட்டையில் ஓட்டை நேராகப் போக வேண்டும். பையன் பிளஸ் டூ என்றால் ஆறு கார்பன் வளையமான சைக்ளோஹெக்சேனின் படகு, நாற்காலி வடிவங்களைப் பார்க்கச் சொல்லுங்கள், ‘ட’தான் படகு, மூலை பிடுங்கியதுதான் நாற்காலி.

பெரம்பூர் சார் ஒருவர்: கடையில் விற்கும், இதே மாதிரி எலாஸ்டிக்கில் கோத்த 27 கட்டைப் பாம்புப் புதிரை 3க்கு 3க்கு 3 பெட்டியாக மடக்கினால் இரண்டு முனையும் சேருமா?

சேராது சார், 7க்குச் சொன்னதேதான்.

அவரே: 8, 10 என்று போனால்? சூத்திரம் உண்டா?

திசையையும் சேர்த்து எண்ணினால் 8க்கு 207, 10க்கு 2412. பொதுச் சூத்திரம் யாரிடமும் இல்லை, கம்ப்யூட்டரை விட்டுத்தான் எண்ண வேண்டும்.

காசிமேட்டு நண்பர்: வலைக்கயிறு மாதிரி இதில் முடிச்சு விழுமா?

விழும், ஆனால் குறைந்தது 24 கட்டை வேண்டும். 1993இல் டியாவ் என்ற கணிதவியலாளர் நிரூபித்தார். நானும் 24 கோத்தேன், 23வதை இழுக்கும்போது எலாஸ்டிக் அறுந்து பாதிக் கட்டை பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் போய்விட்டது.