மூடுபனியில் ஒரு நோன்புக் கஞ்சி

கேள்வி: முப்பது வருஷத்துக்கு முந்தைய கதை. கொடைக்கானல் நாயுடுபுரத்தில் தோழி வீட்டுக்கு நோன்புக் கஞ்சிக்குப் போயிருந்தேன். வெளியே மூடுபனி, கரண்ட் இல்லை, சுவர்க்கடிகாரம் ஓடவில்லை, பாங்கும் கேட்கவில்லை. தோழி பேரீச்சம்பழத்தை எடுத்ததும் அவள் வாப்பா, "சந்தேகம்னா இன்னும் பகல்தான், வைம்மா" என்றார். ஏனென்று கேட்டேன். "இமாமுல் ஹரமைனைப் படிச்சா தெரியும்" என்று சிரித்தார். யார் அவர்? மக்காக்காரரா?
- வாசகி, பூம்பாறை

பதில்: இல்லை. ஈரானில் நைசாப்பூர் பக்கம் 1028-இல் பிறந்த அப்துல் மலிக் அல்-ஜுவைனி. தகப்பனாரும் பெரிய ஆலிம். அவர் மறைந்தபோது இருபதுகூட நிரம்பாத மகன் அதே இடத்தில் உட்கார்ந்து பாடம் நடத்தினார். செல்ஜூக் அமைச்சர் குந்துரி அஷ்அரி என்ற இறையியல் கொள்கையினரை நெருக்கியபோது இவரும் ஊரைவிட்டுக் கிளம்ப வேண்டியதாயிற்று. மக்காவிலும் மதீனாவிலும் நாலு வருஷம் பாடம் சொன்னார். 'இரு புனித நகரங்களின் இமாம்' என்ற பட்டம் அப்படி வந்தது. நிஜாமுல் முல்க் அமைச்சரானபின் ஊர் திரும்பினார். ஜுவைனிக்காகவே நைசாப்பூரில் நிஜாமிய்யா மதரஸா எழுந்தது. புகழ்பெற்ற இஸ்லாமிய அறிஞர் கஸ்ஸாலி அங்கே இவரிடம் படித்தவர். 1085-இல் காலமானார்.

இனி கஞ்சிக்கு வருவோம். இஸ்லாமியச் சட்டத்தில் தீர்ப்புச் சொல்வது ஃபிக்ஹ். எதை ஆதாரமாகக் கொண்டு, எப்படித் தீர்ப்புக்கு வருவது என்று பார்ப்பது உஸூல். ஜுவைனியின் பெயர் நிலைத்தது இரண்டாவதில். அவர் பேசும் வழிகளில் ஒன்று இஸ்திஸ்ஹாப்: மாறியதற்கு ஆதாரம் இல்லாதவரை முந்தைய நிலையே தொடர்கிறது. சாயங்காலம் சந்தேகமா? பகல் தொடர்கிறது, கையை எடு. விடியற்காலையில் சஹர் சாப்பிடும்போது சந்தேகமா? இரவு தொடர்கிறது, சாப்பிடு. ஒரே விதி சாயங்காலம் கையைத் தடுக்கிறது, விடியலில் கவளத்தை அனுமதிக்கிறது. எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது இந்த நேர்மைதான். வயிற்றுக்குச் சாதகமா பாதகமா என்று அது பார்ப்பதே இல்லை.

மலையில் ராவுத்தர்கள் பெரும்பாலும் ஹனஃபி சட்டப்பிரிவு. ஜுவைனியோ ஷாஃபி சட்டப்பிரிவு. 'வாப்பா' என்கிறீர்களே, அவர் ஷாஃபிகள் மிகுந்த கீழக்கரை, காயல் பக்கத்திலிருந்து மலையேறியவரோ?

படிக்க ஆசையென்றால் 'வரகாத்' என்ற அவருடைய சின்ன நூலில் தொடங்குங்கள். மதரஸாக்களில் ஆரம்பப் பாடமாக இன்றும் நடக்கிறது, சில பக்கங்கள்தான். அவருடைய பெரிய உஸூல் நூலான 'புர்ஹான்' பக்கம் இப்போதைக்குப் போக வேண்டாம். 14-ஆம் நூற்றாண்டில் தாஜுத்தீன் சுப்கி போன்ற ஜாம்பவானே அதை 'சமுதாயத்தின் புதிர்' என்றார்.