இ.ஆர்.வி.: சத்தம் மட்டும் வருகிறது, காற்று எங்கே?

கேள்வி: வீட்டில் இ.ஆர்.வி. (வெளியேறும் காற்றுக்கும் உள்ளே வரும் புதுக் காற்றுக்கும் இடையே வெப்பத்தையும் ஈரத்தையும் பரிமாறும் காற்றோட்ட மெஷின்) பொருத்தி ஒரு வருடம் ஆகிறது. இப்போது படுக்கையறையில் காற்று வருவதே தெரியவில்லை, மெஷின் சத்தமும் கூடிவிட்டது. புதிதாக மாற்ற வேண்டுமா? உள்ளே இருக்கும் ‘கோர்’ (core) என்ற பரிமாற்றப் பகுதியைத் தண்ணீரில் கழுவலாமா?

பதில்: மெஷினை மாற்றும் யோசனையை முதலில் விடுங்கள். மின்சாரத்தை நிறுத்திவிட்டு ஃபில்டரைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள், மறுபக்கம் தெரியாத அளவுக்குத் தூசி அப்பியிருந்தால் பாதி விடை கிடைத்துவிட்டது. மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது இதைப் பார்க்க வேண்டும், பொருத்த வருபவர்கள் இதை ஏனோ சொல்வதே இல்லை. அப்புறம் வெளிச்சுவரில் காற்றை இழுக்கும் வாயிலுள்ள வலை. பூச்சியும் காய்ந்த இலையும் அதை அடைத்தால் உள்ளே வரும் காற்று குறையும், வெளியேறுவது குறையாது, அந்தப் பற்றாக்குறையை ஈடுகட்ட வீடு ஜன்னலிடுக்கு, கதவிடுக்கு வழியாக வடிகட்டாத காற்றை இழுக்க ஆரம்பிக்கும்.

கோர் பகுதியை எடுத்தவுடன் கழுவிவிடாதீர்கள். வெப்பத்தோடு ஈரத்தையும் கடத்துகிற மெல்லிய சவ்வோ காகிதமோதான் அது, பலவற்றுக்குத் தண்ணீர் ஆகாது. கழுவலாம் என்று கையேட்டில் இருந்தால் சரி, இல்லையென்றால் வாக்குவமில் மென்மையான பிரஷ் மாட்டித் தூசியை உறிஞ்சினால் போதும்.

இவ்வளவுக்குப் பிறகும் காற்று வரவில்லை என்றால், காற்றைக் கொண்டுவரும் வளையும் குழாய் எங்கோ நசுங்கியிருக்கலாம். பொருத்தியவரிடம் அதை நேராக்கச் சொல்லி, வரும் காற்றையும் போகும் காற்றையும் மீட்டர் வைத்து அளந்து சமன்செய்யச் சொல்லுங்கள்.