லைவ் ஆல்பத்தில் பாட்டுகளுக்கு நடுவே கைதட்டல் அறுந்து போவது ஏன்?

பிரிட்டிஷ் ராக் குழுவான தி ஹூவின் 'லைவ் அட் லீட்ஸ்' என்ற மேடைப் பதிவின் 2001 பதிப்பை எம்பி3 ஆக மாற்றியபின், இரண்டாம் சிடியில் பாட்டு மாறும்போதெல்லாம் சத்தம் 'டக்'கென்று அறுபடுகிறது என்றீர்கள். சிடி நன்றாகத்தான் இருக்கிறது. எம்பி3 ஒலியை 1152 சாம்பிள் (ஒலியின் மிகச் சிறிய அளவீடுகள்) கொண்ட துண்டுகளாகச் சேமிக்கும். கடைசித் துண்டு நிரம்பாவிட்டால் மௌனத்தை இட்டு நிரப்பும், தொடக்கத்திலும் கொஞ்சம் சேர்க்கும். பாட்டுகளுக்கு இடையே மௌனம் உள்ள ஸ்டுடியோ ஆல்பத்தில் இது தெரியாது. இரண்டாம் சிடியில் உள்ள 'டாமி' என்ற ராக் ஓபரா முழுதும் மேடையில் ஒரே மூச்சில் ஓடுவதால் காதில் குத்துகிறது.

சிடியை மறுபடி ஃபிளாக்காக (ஒலியை இழப்பின்றிச் சேமிக்கும் கோப்பு வகை) ரிப் செய்யுங்கள், அதாவது கணினியில் நகலெடுங்கள்; எம்பி3-யை ஃபிளாக் ஆக்கினால் அந்த மௌனமும் கூடவே வரும். பிளேயரில் பாட்டுகளை இடைவெளியின்றி ஓட்டும் கேப்லெஸ் வசதியை இயக்கி, ஒரு பாட்டின் முடிவை அடுத்ததன் தொடக்கத்தோடு கலக்கும் கிராஸ்ஃபேடை அணையுங்கள். ஒலி அளவைச் சமன்செய்யும் ரீப்ளேகெய்னில் 'ஆல்பம்' முறையே வேண்டும்; 'டிராக்' முறையில் கூட்டத்தின் இரைச்சல் பாட்டுக்குப் பாட்டு ஏறி இறங்கும். கார் ஸ்டீரியோ கேப்லெஸ்ஸை ஏற்காவிட்டால் அந்த சிடியை மட்டும் ஒரே கோப்பாக ரிப் செய்வதே வழி.

இன்னொன்று: இந்த ஆல்பம் பதிவான 1970 பிப்ரவரி 14 அன்று மேடையில் 'டாமி'யை நடுவில்தான் வாசித்தார்கள். பிளேலிஸ்ட்டில் அதை முதல் சிடியில் உள்ள 'எ குயிக் ஒன்' பாட்டு முடிந்ததும் வையுங்கள். அந்த இரவின் வேகம் அப்போதுதான் முழுதாகக் கிடைக்கும்.