நிறுத்தப்பட்ட மென்பொருளும் உங்கள் படங்களும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: பல வருடமாகப் பயன்படுத்தும் ஃபோட்டோ எடிட்டிங் மென்பொருளை நிறுத்தப்போவதாக நிறுவனம் அறிவித்துவிட்டது. உடனே வேறொன்றுக்கு மாறிவிட வேண்டுமா?

பதில்: அவசரம் வேண்டாம். அறிவிப்பு வந்த மறுநாளே எதுவும் நின்றுவிடாது. அப்பெர்ச்சர் என்ற தன் ஃபோட்டோ மென்பொருளை நிறுத்தப்போவதாக ஆப்பிள் சொன்னது 2014 ஜூனில். விற்பனை நின்றது 2015 ஏப்ரலில். அதன் பிறகும் மேக்கின் மொஹாவே என்ற ஆபரேட்டிங் சிஸ்டம் பதிப்பு வரை அது ஓடிக்கொண்டுதான் இருந்தது; 2019 அக்டோபரில் அடுத்த பதிப்பான கேட்டலினா வந்த பிறகே திறக்க மறுத்தது. கிட்டத்தட்ட ஐந்து வருட அவகாசம். அந்த அவகாசத்தில் ஒன்றும் செய்யாமல் இருந்துவிட்டு, ஒருநாள் கம்ப்யூட்டரை அப்டேட் செய்தவர்கள்தான் மாட்டிக்கொண்டார்கள்.

இந்த வகை மென்பொருள்கள் உங்கள் ரா ஃபைலை (கேமரா பதிவு செய்த மூலப்படத்தை) தொடுவதே இல்லை. எக்ஸ்போஷர் எவ்வளவு, கர்வ் எப்படி, எங்கே க்ராப் என்பதெல்லாம் வெறும் எண்களாகக் கேட்டலாக் என்ற தனிப் பதிவேட்டில் பதிவாகின்றன. படம் பத்திரமாக இருக்கும். ஆனால் அந்த எண்களைப் படமாக்கத் தெரிந்தது அந்த ஒரு மென்பொருளுக்கு மட்டும்தான். ஆகவே அது ஓடும் நாளிலேயே எடுக்க வேண்டியதை எடுத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் இன்ஸ்டாலர் ஃபைலையும் கடைசி அப்டேட்டையும் சீரியல் எண்ணையும் இரண்டு டிஸ்க்கில் வையுங்கள். அடோபியின் ஃபோட்டோ மென்பொருளான லைட்ரூம் 6-க்கு 2017 டிசம்பரில் வந்த 6.14-தான் கடைசி அப்டேட். மூல இன்ஸ்டாலர் இல்லாமல் அதை மட்டும் வைத்துக்கொண்டு பயனில்லை. அடுத்து, ஆபரேட்டிங் சிஸ்டத்தின் தானியங்கி அப்டேட்டை நிறுத்துங்கள். பிறகு ஃபோல்டர்களை மட்டும் நகலெடுக்காமல், மொத்த டிஸ்க்கையும் க்ளோன் செய்துவிடுங்கள். லைசன்ஸ் தகவல் எங்கெங்கோ சிதறிக் கிடக்கும், க்ளோனில்தான் எல்லாம் சேர்ந்து வரும்.

ஆக்டிவேஷனையும், அதாவது லைசன்ஸை நிறுவனத்தின் சர்வர் சரிபார்ப்பதையும், மறந்துவிடாதீர்கள். வேறு கம்ப்யூட்டருக்கு மாற்றும் முன் பழையதில் முறைப்படி டீஆக்டிவேட் செய்தாக வேண்டும். ஆக்டிவேஷன் சர்வரே ஒருநாள் மூடப்படலாம். அடோபியின் பழைய சிஎஸ்2 மென்பொருள் தொகுப்புக்கு அது நடந்தது. அப்போது ஆக்டிவேஷன் தேவைப்படாத இன்ஸ்டாலரை அடோபி வெளியிட்டது. எல்லா நிறுவனமும் அப்படிச் செய்யும் என்று நம்பி உட்கார்ந்திருக்க முடியாது. இணையச் சேவையை நம்பியிருக்கும் வசதிகள்தான் முதலில் விழும்: லைட்ரூம் 6-இன் மேப் பகுதி 2018 நவம்பர் இறுதியோடு வேலை செய்யாமல் போனது, மற்றவை ஓடின.

கேள்வி: என் கேட்டலாக்கில் லட்சத்துக்கும் மேல் படங்கள். ஸ்டார் ரேட்டிங், கீவேர்டு, ஆல்பம் எல்லாவற்றையும் புது மென்பொருளுக்கு அப்படியே கொண்டுபோக முடியுமா?

பதில்: ஸ்டார், கீவேர்டு, தலைப்பு, விளக்கம், ஜிபிஎஸ் இவை அநேகமாக முழுசாகப் போகும். ஆல்பமும் கலர் லேபிளும் கைவேலை இல்லாமல் போகாது. எடிட்டிங் பெரும்பாலும் போகாது.

போகிறவை போவதற்குக் காரணம், படத்தைப் பற்றிய தகவல்களை (மெட்டாடேட்டாவை) எழுதும் எக்ஸ்எம்பி என்ற பொது வடிவம். லைட்ரூமில் எல்லாப் படங்களையும் தேர்ந்தெடுத்து, மெட்டாடேட்டாவை ஃபைலில் சேமிக்கும் கட்டளையைக் கொடுங்கள் (கன்ட்ரோல் எஸ், மேக்கில் கமாண்ட் எஸ்). ஒவ்வொரு ரா ஃபைலுக்குப் பக்கத்திலும் ஒரு சிறு எக்ஸ்எம்பி ஃபைல் உருவாகும். ஜேபெக், டிஃப், பிஎஸ்டி, டிஎன்ஜி ஆகிய ஃபைல் வகைகள் என்றால் தகவல் ஃபைலுக்குள்ளேயே எழுதப்படும். அதனால் அந்த ஃபைல்கள் எல்லாம் மாறிவிட்டதாக பேக்கப் மென்பொருள் நினைத்து, மறுபடி முழுசாக நகலெடுக்கத் தொடங்கும். பயந்துவிடாதீர்கள், இடம் மட்டும் இருக்கிறதா என்று பாருங்கள். லட்சம் படங்களை ஒரே மூச்சில் கொடுக்காமல் வருடவாரியாகக் கொடுங்கள். நடுவில் நின்றால் எதுவரை முடிந்தது என்று தெரியும்.

கலெக்ஷன் (லைட்ரூமின் ஆல்பம்), வர்ச்சுவல் காப்பி (ஒரே படத்துக்கு வேறொரு எடிட்டிங்), ஸ்டேக் (ஒன்றாக அடுக்கிய படங்கள்), எடிட்டிங் ஹிஸ்டரி ஆகியவை எக்ஸ்எம்பியில் எழுதப்படுவதில்லை. பழைய பதிப்புகளில் பிக், ரிஜெக்ட் (தேர்வு, நிராகரிப்பு) கொடிகளும் அப்படித்தான். இதற்கு வழி, கலெக்ஷன், கொடி, லேபிள் ஆகியவற்றைக் கீவேர்டாக மாற்றிவிடுவது. ஒரு கலெக்ஷனைத் திறந்து, அனைத்தையும் தேர்ந்தெடுத்து, "ஆல்பம்_" என்று தொடங்கும் கீவேர்டு ஒன்றைச் சேர்த்துவிடுங்கள். கொடி வைத்தவற்றுக்கு "கொடி_தேர்வு", சிவப்பு லேபிளுக்கு "லேபிள்_சிவப்பு" என்று வைக்கலாம். முன்னால் ஒரே சொல் இருந்தால் புது மென்பொருளில் எல்லாம் ஒரே இடத்தில் வரிசையாக நிற்கும். தேடி எடுத்து ஆல்பமாக மாற்ற அதிக நேரமாகாது. ஸ்டார் ரேட்டிங்கையும் இப்படி ஒரு பிரதி எடுத்து வையுங்கள். ஆப்பிள் ஃபோட்டோஸ் போன்ற சிலவற்றில் ஸ்டார் என்ற வசதியே இல்லை. அப்பெர்ச்சர் லைப்ரரியை அதில் திறந்தபோது ஸ்டார்கள் கீவேர்டாகத்தான் வந்தன. வர்ச்சுவல் காப்பிகளைக் காப்பாற்ற வேண்டுமானால் டிஃபாகவோ ஜேபெக்காகவோ எக்ஸ்போர்ட் செய்துவிடுங்கள், வேறு வழி கிடையாது.

கலர் லேபிள் ஏன் குழம்புகிறது என்று பலர் கேட்கிறார்கள். எக்ஸ்எம்பியில் நிறம் பதிவாவதில்லை, அந்த நிறத்துக்கு வைத்த பெயர் எழுத்தாகப் பதிவாகிறது. ஒரு மென்பொருள் "ரெட்" என்று எழுதியதை, அதே நிறத்துக்கு "செலக்ட்" என்று பெயர் வைத்திருக்கும் இன்னொன்றால் அடையாளம் காண முடியாது. வெள்ளை லேபிளாகக் காட்டும். அடோபியின் பிரிட்ஜுக்கும் லைட்ரூமுக்கும் நடுவிலேயே இந்தச் சிக்கல் உண்டு. இரண்டிலும் பெயர்களை ஒன்றாக்கிவிட்டால் நிறம் திரும்பிவிடும்.

ஃபைல் பெயரிலும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. சிஆர்2 என்று முடியும் ரா ஃபைலுக்கு லைட்ரூம், அந்த முடிவை எடுத்துவிட்டு எக்ஸ்எம்பி என்று மட்டும் வைக்கும். டார்க்டேபிள் என்ற இலவச மென்பொருள் முழுப் பெயரையும் வைத்து அதன் பின்னால் எக்ஸ்எம்பி சேர்க்கும். எனவே இரண்டும் ஒரே ஃபோல்டரில் அடித்துக்கொள்ளாமல் இருக்கும். ஆனால் முதல் தடவை டார்க்டேபிளில் சேர்க்கும்போதுதான் லைட்ரூமின் எக்ஸ்எம்பி படிக்கப்படும். டார்க்டேபிள் தன் சொந்த ஃபைலை எழுதிய பிறகு அந்தப் பக்கம் திரும்பாது. ஆகவே எக்ஸ்எம்பி எழுதி முடிக்கும் முன் படங்களை அதில் சேர்க்க வேண்டாம்.

மாற்றம் முடிந்ததும் எண்ணிப் பாருங்கள். மொத்தப் படங்கள், ஐந்து ஸ்டார் படங்கள், கீவேர்டு உள்ளவை, இந்த மூன்று எண்ணிக்கையும் இரு பக்கமும் ஒத்துப்போக வேண்டும். மொத்தம் மட்டும் பெரிதாக வேறுபட்டால், ரா-ஜேபெக் ஜோடியை ஒரு மென்பொருள் ஒரே படமாகவும் மற்றது இரண்டாகவும் எண்ணியிருக்கும். குறைந்திருந்தால் பழையதில் 'காணாமல் போன படங்கள்' பட்டியலைப் பாருங்கள். இப்போது இணைக்கப்படாத ஏதோ ஒரு டிஸ்க்கில் மூலப்படங்கள் இருக்கும்.

கேள்வி: பேசாமல் எடிட் செய்த எல்லாப் படங்களையும் டிஃபாக எக்ஸ்போர்ட் செய்துவிட்டால் என்ன?

பதில்: கணக்கைப் பாருங்கள். 24 மெகாபிக்சல் படம், மூன்று நிறம், நிறத்துக்கு 16 பிட் என்றால் 2 பைட். 24 × 3 × 2 = 144 எம்பி. பத்தாயிரம் படத்துக்கு 1.44 டெராபைட், பேக்கப்புடன் அதன் இரட்டிப்பு. கையில் இடமிருந்தால் தாராளமாகச் செய்யலாம். இல்லாவிட்டால் மூன்றாகப் பிரியுங்கள். அச்சுக்கோ விற்பனைக்கோ போன, மறுபடி கேட்கப்படக்கூடிய படங்கள் 16 பிட் டிஃப், ப்ரோஃபோட்டோ ஆர்ஜிபி (பரந்த நிற வரம்பு). எடிட் செய்த மற்றவை முழு அளவு ஜேபெக், உயர்ந்த தரம், எஸ்ஆர்ஜிபி (சாதாரணத் திரைகளின் நிற வரம்பு). மிச்சத்துக்கு ராவும் எக்ஸ்எம்பியும் போதும். இரண்டாம் வகையை அலட்சியம் செய்யாதீர்கள். பின்னால் புது மென்பொருளில் ராவைத் திறந்து எடிட் செய்யும்போது, பழைய தோற்றம் எப்படியிருந்தது என்று ஒப்பிட அந்த ஜேபெக்தான் ஒரே சாட்சி.

16 பிட் டிஃபில் எல்இசட்டபிள்யூ சுருக்கம் வேண்டாம். ஃபைல் சில சமயம் சுருங்குவதற்குப் பதில் பெருத்துவிடும். ஜிப் சுருக்கத்தைத் தேர்ந்தெடுங்கள். ப்ரோஃபோட்டோவை 8 பிட்டில் ஒருபோதும் சேமிக்காதீர்கள், வானம் பட்டை பட்டையாகப் பிரிந்து தெரியும்.

கேள்வி: பழைய டிஸ்க்கில் ஓர் அப்பெர்ச்சர் லைப்ரரி அப்படியே கிடக்கிறது. இப்போது திறக்க வழி உண்டா?

பதில்: உண்டு. படங்கள் மட்டும் போதுமென்றால் அப்பெர்ச்சரே தேவையில்லை. லைப்ரரி ஃபைல்மேல் ரைட் க்ளிக் செய்து 'ஷோ பேக்கேஜ் கன்டென்ட்ஸ்' கொடுங்கள். உள்ளே மாஸ்டர்ஸ் ஃபோல்டரில் வருடம், மாதம், நாள் வாரியாக மூலப்படங்கள் இருக்கும். நகலெடுங்கள், அங்கிருந்து எதையும் நகர்த்தாதீர்கள். மாஸ்டர்ஸ் காலியாக இருந்தால் படங்கள் லைப்ரரிக்கு வெளியே வேறு ஃபோல்டரில் வைக்கப்பட்டவை என்று அர்த்தம்.

ரேட்டிங்கும் ஆல்பமும் வேண்டுமென்றால் மொஹாவேயோ அதற்கு முந்தையதோ ஓடும் இன்டெல் மேக் வேண்டும். கேட்டலினாவோடு விற்பனைக்கு வந்த மேக்குகளில் மொஹாவே ஏறாது. உதாரணமாக 2019-இன் 16 அங்குல மேக்புக் ப்ரோ. அதைவிடப் பழைய மேக் இருந்தால் வெளி டிஸ்க்கில் மொஹாவேயை நிறுவி அதிலிருந்து பூட் செய்யலாம். ரெட்ரோஆக்டிவ் என்ற இலவசக் கருவியும் கேட்டலினாவிலும் அடுத்து வந்த பிக் சர்ரிலும் அப்பெர்ச்சரைத் திறந்துகொடுத்தது. ஆனால் வீடியோ ஓடாது, அதில் தொடர்ந்து வேலை செய்யலாம் என்று எண்ண வேண்டாம்.

திறந்ததும் முதலில் ப்ரிவ்யூக்களை (எடிட் செய்த தோற்றத்தின் ஜேபெக் பிரதிகளை) முழு அளவில் புதுப்பியுங்கள். லைட்ரூம் 5.7 முதல் வந்த அப்பெர்ச்சர் இறக்குமதிக் கருவி, எடிட் செய்த படங்களுக்கு அந்த ப்ரிவ்யூவைத்தான் கூடவே எடுத்துக்கொள்ளும். எடிட்டிங் எண்கள் வராது. கலர் லேபிள், ஸ்டேக், முகங்கள் எல்லாம் கீவேர்டாக வரும். இந்த இறக்குமதியையும் மொஹாவேயிலேயே முடித்துவிடுங்கள்.

கேள்வி: லைட்ரூம் 6 எனக்குப் போதும். புதுக் கேமரா வாங்கினேன், அதன் ரா ஃபைலைத் திறக்க மறுக்கிறது.

பதில்: அடோபியின் இலவச டிஎன்ஜி கன்வர்ட்டரின் புதிய பதிப்பில் அந்த ராவை, அடோபியின் பொது ரா வடிவமான டிஎன்ஜியாக்குங்கள். ப்ரிஃபரன்ஸில் பொருத்தத்தை 'கேமரா ரா 7.1 அண்ட் லேட்டர்' என்று வைக்க வேண்டும். இயல்பாக இருக்கும் புதிய பதிப்பு அமைப்பிலேயே விட்டால் லைட்ரூம் 6 அதையும் மறுக்கலாம். புது லென்ஸின் ப்ரொஃபைல் பட்டியலில் இருக்காது, ஓர வளைவைக் கையால்தான் சரிசெய்ய வேண்டும். மூல ராவை அழிக்க வேண்டாம். கேமரா நிறுவனத்தின் சொந்த மென்பொருளுக்கு அதுதான் தேவைப்படும்.

கேள்வி: வருடக்கணக்காக உழைத்து உருவாக்கிய கலர் ப்ரீசெட்கள் (சேமித்து வைத்த எடிட்டிங் அமைப்புகள்) என் அடையாளம். அவற்றை விட்டுவிட மனமில்லை.

பதில்: விட வேண்டாம். ஸ்லைடர் எண்களைப் பார்த்துப் புது மென்பொருளில் அதே எண்ணை இட்டால் அதே தோற்றம் வராது, இரண்டின் கணக்கீடும் வேறு. நிறத்தை மட்டும் பெயர்த்தெடுக்க ஹால்ட் கிளட் என்ற நல்ல வழி இருக்கிறது. நிறங்கள் அனைத்தும் வரிசையாக அடுக்கப்பட்ட ஒரு சதுரப் படம் அது; எந்த நிறம் எதுவாக மாற வேண்டும் என்று காட்டும் அட்டவணை போன்றது. 8-ஆம் நிலைப் படம் 512 × 512 பிக்சல், ஒவ்வொரு நிறத்துக்கும் 64 படி. 12-ஆம் நிலை 1728 × 1728, 144 படி. 12 போதுமானது.

மாற்றம் எதுவும் செய்யாத மூல ஹால்ட் படத்தைப் பழைய மென்பொருளில் திறந்து ப்ரீசெட்டைப் போடுங்கள். ஷார்ப்பனிங், நாய்ஸ் குறைப்பு, க்ளாரிட்டி, விக்னெட், க்ரெய்ன் ஐந்தையும் பூஜ்யமாக்குங்கள். இவை பக்கத்துப் பிக்சலையோ இடத்தையோ பார்த்து மாறுபவை, ஒன்று இருந்தாலும் அட்டவணை கெட்டுப்போகும். பிறகு அளவை மாற்றாமல் எஸ்ஆர்ஜிபியில் 16 பிட் டிஃபாக எக்ஸ்போர்ட் செய்யுங்கள். ராதெரபி என்ற இலவச மென்பொருளில் ஃபிலிம் சிமுலேஷன் பகுதியில் அதைச் சேர்க்கலாம். டார்க்டேபிளின் லட் 3டி பகுதிக்கு பிஎன்ஜியாக மாற்றிக் கொடுங்கள். எக்ஸ்போஷரையும் ஒயிட் பேலன்ஸையும் சரிசெய்த பிறகே இதைப் போட வேண்டும், இவை இரண்டும் அட்டவணைக்குள் அடங்காதவை. ப்ரீசெட்டிலேயே ஒயிட் பேலன்ஸ் மாற்றம் இருந்தால் அதை நீக்கிவிட்டு எடுங்கள்.

கேள்வி: ப்ளக்-இன் (கூடுதல் இணைப்பு மென்பொருள்) போட்டு ஃபோட்டோஷாப்பில் செய்த பிஎஸ்டி ஃபைல்களை என்ன செய்வது?

பதில்: நேரடியாகப் பிக்சலில் எழுதப்பட்ட எஃபெக்ட் என்றால் ஆபத்தில்லை. பின்னால் மாற்றக்கூடிய ஸ்மார்ட் ஃபில்டராகப் போட்டிருந்தால், ப்ளக்-இன் இல்லாத கம்ப்யூட்டரில் அதன் அமைப்பைத் திறக்க முடியாது. ப்ளக்-இன் ஓடும் இன்றே அந்த லேயரை ஒரு நகலெடுத்து ராஸ்டரைஸ் செய்து (வெறும் பிக்சலாக்கி), மூலத்துக்கு மேலே வையுங்கள். ஆப்பிள் சிலிக்கான் மேக்கில் பழைய இன்டெல் ப்ளக்-இன் தென்படவில்லையென்றால் ஃபோட்டோஷாப்பை ரொசெட்டாவில் (இன்டெல் மென்பொருளை ஓட்டும் ஆப்பிளின் வசதி) திறந்து பாருங்கள். நிக் கலெக்ஷன் என்ற ப்ளக்-இன் தொகுப்பு வைத்திருப்பவர்களுக்கு வாய்ப்பு நன்றாக இருக்கிறது: 2016-இல் கூகுள் இலவசமாக்கி, 2017-இல் இனி அப்டேட் இல்லை என்று கைவிட்டதை, அதே வருடம் டிஎக்ஸ்ஓ வாங்கித் தொடர்கிறது.

கேள்வி: லைட்ரூம் கிளாசிக் சந்தாவை நிறுத்தினால் கேட்டலாக் பூட்டப்பட்டுவிடுமா?

பதில்: பூட்டப்படாது. எடிட் செய்யும் டெவலப் பகுதி, மேப் பகுதி இரண்டும் வேலை செய்யாது. லைப்ரரி திறக்கும், தேடலாம், எக்ஸ்போர்ட்டும் செய்யலாம், செய்த எடிட்டிங்கோடு. ஆனால் சந்தா இருக்கும்போதே எக்ஸ்எம்பி எழுதி, மேலே சொன்ன கீவேர்டு வேலையையும் முடித்துவிட்டு நிறுத்துங்கள். சந்தா முடிந்த பிறகு புதுக் கம்ப்யூட்டரில் அதை மறுபடி நிறுவுவதை நம்பித் திட்டமிட வேண்டாம்; இப்போது இருக்கும் கம்ப்யூட்டரிலேயே எக்ஸ்போர்ட்டை முடித்துக்கொள்ளுங்கள்.