நிலத்தை விற்காதீர்கள், மகனின் ஒலிப்பதிவைக் கேளுங்கள்

பிளஸ் டூ முடிவு வந்த மறுவாரம் சிவகாசியிலிருந்து ஒரு குடும்பம் என்னைப் பார்க்க வந்தது. அப்பாவுக்கு அச்சகத்தில் கட்டிங் மெஷின் வேலை. அம்மா, மகன், கூடவே பெரியப்பா. பேசியதெல்லாம் பெரியப்பாதான். அவருடைய மகன் பெங்களூரில் மென்பொருள் நிறுவனத்தில் இருக்கிறார். ஆகவே தம்பி மகனும் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தாக வேண்டும். கட்-ஆஃப் போதவில்லை என்பதால் நிர்வாக ஒதுக்கீடு. 4 ஆண்டுக்கு 14 லட்சம். அதற்காக வெம்பக்கோட்டைப் பக்கம் இருக்கும் 40 சென்ட் நிலத்துக்கு விலை பேசியாகிவிட்டது.

"பாட்காஸ்ட், பாட்காஸ்ட் என்று போனும் கையுமாகவே திரிகிறான் சார். பயமாக இருக்கிறது" என்றார் அம்மா. பாட்காஸ்ட் என்பது இணையத்தில் தொடராக வெளியிடும் ஒலி நிகழ்ச்சி.

எல்லாம் சரியாகிவிடும் அம்மா என்று ஆறுதலாகத்தான் தொடங்கினேன். அதற்குள் பையன் போனை நீட்டினான். மாதக் காலண்டரின் தலையில் தகரப் பட்டை அடிக்கும் சத்தம். டக், டக் என்று ஒரே சீராக. அதற்கு மேல் ஒரு பெண்ணின் குரல், தன் வேலையைப் பற்றிச் சொல்கிறது. தகரம் விரலைக் கிழித்ததைச் சொல்லும் இடத்தில் சத்தம் நிற்கிறது. 4 விநாடி அமைதி. பிறகு மறுபடியும் டக். அந்த அமைதியை ஏன் வெட்டவில்லை என்று கேட்டேன்.

"அக்கா அப்போது விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள் சார்" என்றான்.

17 வயதில் இந்தக் காது வாய்ப்பது அபூர்வம். அதற்குப் பிறகு ஆறுதல் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கணக்கில் தட்டுத்தடுமாறித் தேறியவன், ஒரு வரி புரோகிராம் எழுதவும் ஆசைப்படாதவன். இவனுக்காக நிலத்தை விற்று இடம் வாங்கினால், அரியர் பேப்பர்களோடு வெளியே வருவான், நிலமும் திரும்பாது. பெரியப்பா மகன் விரும்பிப் படித்தார், முன்னேறினார். அது அவருடைய விருப்பம் பலித்த கதை. இன்னொருவன் மேல் அதைப் போர்த்த முடியாது. பெரியப்பாவிடம் இதை நேராகவே சொன்னேன். கடன் வாங்கியோ சொத்தை விற்றோ நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ப்பதை, பிள்ளைக்கே விருப்பம் இல்லாதபோது, நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

மற்ற வழிகளை உங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். யாரும் சொல்லாததைச் சொல்கிறேன்: ஒலி. இயற்பியல் படித்த பையன் என்பது இங்கே பெரிய பலம். சென்னை தரமணியில் உள்ள அரசு எம்.ஜி.ஆர். திரைப்பட, தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனத்தில் ஒலிப்பதிவுக்கென்றே 4 ஆண்டுப் பட்டப்படிப்பு இருக்கிறது. அரசு நிறுவனம், அரசுக் கட்டணம். இடங்கள் மிகக் குறைவு என்பதால் அதை மட்டும் நம்பி இருக்க வேண்டாம். கிடைக்காவிட்டால், வீட்டிலிருந்தே போய்வரும் தூரத்தில் அரசுக் கல்லூரியிலோ அரசு உதவி பெறும் கல்லூரியிலோ பி.எஸ்ஸி. இயற்பியல். பிறகு புனே திரைப்படக் கல்லூரியின் ஒலிப் பிரிவுக்கு நுழைவுத் தேர்வு. அங்கே சேரப் பட்டம் வேண்டும். 2009-இல் ஒலிக்கலவைக்காக ஆஸ்கர் வாங்கிய ரசூல் பூக்குட்டி இப்படித்தான் இயற்பியல் படித்துவிட்டுப் புனே போனார். ஒலிப்புத்தகம், டப்பிங், வானொலி, இணையவழிப் பாடம் என்று ஒலியைச் சுத்தம் செய்து கோக்கத் தெரிந்த ஆளுக்கு வேலை தரும் இடங்கள் பல. அங்கெல்லாம் முதலில் கேட்பது, "நீ செய்ததைப் போட்டுக் காட்டு" என்பதைத்தான்.

அதற்குத்தான் பாட்காஸ்ட். தம்பி, இனி உனக்கு.

மைக் வாங்காதே. இரண்டு லட்சத்துக்குப் பாட்காஸ்ட் டிப்ளமோ என்று விளம்பரம் வந்தால் பக்கத்திலேயே போகாதே. முதல் ஆறு மாதத்துக்கு உன் போன் போதும். மின்விசிறியை நிறுத்து, போனை ஏரோப்ளேன் மோடில் வை. வாயிலிருந்து ஒரு சாண் தூரம், நேர் எதிரே இல்லாமல் சற்றுப் பக்கவாட்டில். நேரே வைத்தால் 'ப' வரும் இடமெல்லாம் காற்று வந்து அறையும். வெறும் சுவர் எதிரொலிக்கும். பேசுபவருக்குப் பின்னால் கொடியில் இரண்டு போர்வையைத் தொங்கவிடு. ஒவ்வோர் இடத்திலும் யாரும் பேசாமல் 30 விநாடி பதிவு செய்துகொள். வெட்டிய இடங்களை ஒட்டுப் போட அந்த வெறும் சத்தம்தான் கைகொடுக்கும். வெட்டி ஒட்ட ஆடாசிட்டி என்ற மென்பொருள் இலவசம். ஒலியளவை மைனஸ் 16 எல்.யூ.எஃப்.எஸ். அருகே வை (ஒலி காதுக்கு எவ்வளவு உரக்கக் கேட்கிறது என்பதை அளக்கும் அலகு), ஆப்பிள் பரிந்துரைக்கும் அளவு அது. பேசியவரிடம் அனுமதி கேள், அச்சக முதலாளியிடமும் கேள். சினிமாப் பாட்டைச் சேர்க்காதே, பதிப்புரிமைச் சிக்கல் வரும்.

எபிசோடை இலவசமாக ஏற்றிவைக்கும் தளங்கள் இருக்கின்றன. ஓரிடத்தில் ஏற்றினால் ஆர்.எஸ்.எஸ். ஃபீட் என்ற ஓடை (புது எபிசோடு வந்ததைச் செயலிகளுக்குச் சொல்லும் இணையக் கோப்பு) வழியாக, உன் நிகழ்ச்சியை நீ பதிந்துவைத்த செயலிகள் அனைத்துக்கும் அது தானாகவே போய்ச் சேரும். 2005-இல் ஆப்பிள் தன் ஐடியூன்ஸில் பாட்காஸ்ட்டைச் சேர்த்தபோதும் இதே வழிதான்.

கேட்பவர்களைச் சேர்ப்பது அதைவிடக் கடினம். ஊரெல்லாம் கேட்க வேண்டும் என்று கிரிக்கெட்டும் சினிமாவும் பேசினால் கூட்டத்தில் காணாமல் போவாய். உன்னிடம் வேறு யாரிடமும் இல்லாத ஊர் இருக்கிறது. அச்சு, பைண்டிங், காலண்டர். இதைக் கேட்க ஆட்கள் யார் என்கிறாயா? ஒவ்வோர் ஊரிலும் காலண்டர் ஆர்டர் எடுக்கும் ஏஜென்ட்கள், அச்சுத் தொழிலாளிகள், சிவகாசியை விட்டு வெளியூர் போனவர்கள். இவர்களில் 200 பேர் கடைசிவரை கேட்டால், பாதியில் அணைத்துவிடும் 5,000 பேரைவிட மேல். எந்த நிமிடத்தில் ஆட்கள் விலகுகிறார்கள் என்பதை ஸ்பாட்டிஃபை என்ற ஒலித் தளம் வரைபடமாகவே காட்டுகிறது. அதை வாரம் ஒருமுறை பார். வணக்கம் நேயர்களே என்று இரண்டு நிமிடம் இழுக்காமல் அந்தத் தகர அடியிலேயே தொடங்கு. 40 நிமிடம் பதிவு செய்து 12 நிமிடமாக்கு. இரண்டு வாரத்துக்கு ஒன்று போதும், ஆனால் சொன்ன நாளில் வர வேண்டும்.

விளம்பர வருமானம் வரும், அதில் பிழைத்துக்கொள்வேன் என்று மட்டும் கணக்குப் போடாதே. கல்லூரிக்கு ஒழுங்காகப் போக வேண்டும். இதில் நான் உன் அப்பா பக்கம்தான்.

ஐயா, பையனின் அப்பாவான உங்களிடம் ஒரே வேண்டுகோள். ஆடி 18 அன்று புதுக் காலண்டர் மாதிரிகளைத் தொகுத்த ஆல்பங்கள் வெளிவரும். ஏஜென்ட்கள் உங்கள் அச்சகத்துக்கு வருவார்கள். அதற்குள் பையன் மூன்று எபிசோடு முடித்திருக்க வேண்டும். ஆல்பத்தைப் புரட்டும் ஒவ்வொருவருக்கும் அந்த எபிசோடுகளின் இணைப்பை வாட்ஸ்அப்பில் நீங்களே அனுப்பிக் கொடுங்கள். நிலத்துக்கு முன்பணம் வாங்கியிருந்தால் இந்த வாரமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.