சிசேரியன் ஆன பசுவின் வயிற்றில் கட்டி: கொழுப்பா, சீழா?

கேள்வி: எங்கள் ஜெர்சி கலப்பினப் பசுவுக்கு ஐந்தாவது ஈத்து. கன்று வெளியே வராததால் இடது விலாவில் அறுத்து எடுத்தார்கள். இரண்டு மாதம் ஆகிறது, தையல் ஆறிவிட்டது. ஆனால் பாதித் தீனிதான் எடுக்கிறது. சாணி கொஞ்சமாக, கெட்டியாகப் போடுகிறது. டாக்டர் ஆசனவாய் வழியாகக் கைவிட்டுப் பார்த்து, "உள்ளே கல் மாதிரி இருக்கிறது, செத்த கொழுப்பாக இருக்கலாம்" என்றார். ஆபரேஷனில் துணி எதையும் உள்ளே விட்டுவிட்டார்களோ?
(விவசாயி, திருச்செங்கோடு பகுதி)

பதில்: துணி உள்ளே தங்கினால் அதைச் சுற்றிச் சீழ் கட்டலாம். ஆனால் துணிதான் என்று இப்போதே முடிவு கட்ட வேண்டாம். காய்ச்சல் பற்றி நீங்கள் எழுதவில்லை. ஒரு வாரம் காலை, மாலை வெப்பமானி வைத்துக் குறித்து வையுங்கள். பசுவுக்கு 101.5 டிகிரி ஃபாரன்ஹீட்டை ஒட்டி இருப்பது இயல்பு. 103க்கு மேல் போய்ப் போய் இறங்கினால் சீழைச் சந்தேகிக்கலாம். ஆனால் சுற்றிலும் தடித்த சுவர் கட்டிக்கொண்ட சீழ் காய்ச்சலே காட்டாமலும் இருக்கும். அதனால் ரத்தத்தில் வெள்ளை அணுக்களையும், உள்ளே அழற்சி இருந்தால் கூடும் ஃபைப்ரினோஜன் என்ற புரதத்தையும் பார்க்கச் சொல்லுங்கள்.

கட்டி எந்த இடத்தில் இருக்கிறது என்று டாக்டரிடம் கேளுங்கள். எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். அறுவையில் ரத்த ஓட்டம் அறுபட்டுச் சாகும் கொழுப்பு, பெரும்பாலும் அறுத்த இடத்தை ஒட்டியே கெட்டிப்படும். மலக்குடலைச் சுற்றியோ, சிறுநீரகத்தருகிலோ, குடலைத் தாங்கும் சவ்விலோ பெரிய கட்டிகள் தட்டுப்பட்டால் கதை வேறு. வயதான, கொழுத்த மாடுகளுக்கு அது தானாகவே வரும், ஜெர்சியிலும் உண்டு. இரண்டு மாதத்தில் அவ்வளவு பெரிதாகிவிடாது. இடுப்புக்குள் இருந்தால் கன்று வரும் வழியை அடைத்துவிடும். உங்கள் பசுவுக்குச் சிசேரியன் தேவைப்பட்டதற்கே அதுதான் காரணமாகவும் இருக்கலாம்.

அடுத்து ஸ்கேன். உங்களுக்குப் பக்கம் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. தடித்த சுவருக்குள் நீர்மம் தெரிந்தால் சீழ். குடலோ கர்ப்பப்பையோ இடது விலாத் தழும்போடு ஒட்டியிருந்தால், தீனி குறைந்ததற்கு அந்த ஒட்டுதலே போதும். நீர்மம் இல்லாத திடக் கட்டி என்றால் கொழுப்பாக இருக்கலாம், புற்றுநோயாகவும் இருக்கலாம். தோளின் முன்புறமும் தொடை மடிப்பிலும் நிணநீர்க் கட்டிகள் வீங்கியிருக்கிறதா என்று தடவிப் பார்க்க வேண்டும். உறுதி சொல்வது, சதைத் துணுக்கை எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பதுதான். ஸ்கேனில் பார்த்தபடியே அதை எடுக்கட்டும். குருட்டாம்போக்கில் ஊசி குத்தினால் குடல் துளைபடும்.

கொழுப்புக் கட்டிதான் என்று தெரிந்துவிட்டால், அதைக் கரைக்கும் மருந்து என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள். பசுந்தீவனம் கூட்டுங்கள், தண்ணீர் தாராளமாக வையுங்கள். உடம்பு இளைக்கட்டும் என்று கறவை மாட்டைப் பட்டினி போட்டால் கீட்டோசிஸ் (தீனி போதாமல் உடல் கொழுப்பு அளவுக்கு மீறிக் கரைவதால் வரும் நோய்) வந்து சேரும். கட்டி இடுப்புக்குள் இருந்தால் மறுபடி சினைக்கு விட வேண்டாம். சாணி அடியோடு நின்று வயிறு உப்பினால் கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962க்கு உடனே போன் செய்யுங்கள்.