கேஷ் பிளகின் போட்டும் வேர்ட்பிரஸ் வலைப்பூ வேகமாகவில்லை, எந்த அமைப்புகளை மாற்றுவது?

முதலில் எப்படிச் சோதித்தீர்கள் என்று பாருங்கள். உள்நுழைந்தவர்களுக்குப் பெரும்பாலான பிளகின்கள் கேஷில் சேமித்துவைத்த பக்கத்தைக் காட்டாது, அதுதான் சரியும்கூட. பிரவுசரின் தனிப்பட்ட சாளரத்தில் திறந்தால்தான் வாசகர் காணும் வேகம் தெரியும்.

வேர்ட்பிரஸ் ஒவ்வொரு வருகைக்கும் தரவுத்தளத்தைக் கேட்டுப் பக்கத்தைப் புதிதாகக் கட்டுகிறது. பக்க கேஷ், ஒருமுறை கட்டியதை எச்டிஎம்எல் கோப்பாக வைத்துக்கொண்டு அடுத்தவருக்கு அதையே கொடுக்கும். வேகத்தின் பெரும்பங்கு இதில்தான். இதோடு பிரவுசர் கேஷ் (கோப்புகளை வாசகரின் பிரவுசரிலேயே சேமிப்பது), ஜிசிப் சுருக்கம் (கோப்புகளைச் சுருக்கி அனுப்புவது) இரண்டையும் இயக்குங்கள். டபிள்யூ3 டோட்டல் கேஷ் என்ற பிளகினில், தரவுத்தளத்திலிருந்து எடுத்தவற்றைச் சேமிக்கும் டேட்டாபேஸ் கேஷ், ஆப்ஜெக்ட் கேஷ் என்ற அமைப்புகளும் இருக்கும். சர்வரில் தரவை நினைவகத்தில் வைக்கும் ரெடிஸோ மெம்கேஷ்டோ இல்லையென்றால் அவற்றைத் தொட வேண்டாம். வட்டில் எழுதிப் படிப்பதிலேயே வேகம் குறையலாம்.

பலர் கவனிக்காதது, கேஷில் உள்ள பக்கம் எவ்வளவு நேரம் இருக்கலாம் என்ற காலாவதி நேரம். அதை 10 மணி நேரத்துக்குள் வையுங்கள். வேர்ட்பிரஸ் படிவங்களில் சேர்க்கும் நான்ஸ் என்ற பாதுகாப்புக் குறியீடு 12 முதல் 24 மணி நேரத்துக்குள் செல்லாததாகிவிடும். அதைவிடப் பழைய பக்கம் கேஷில் கிடந்தால் அந்தக் குறியீட்டை நம்பியிருக்கும் படிவம் வேலை செய்யாது. காரணம் புரியாமல் மண்டையைப் பிய்த்துக்கொள்ள நேரும்.

இரண்டு பக்க கேஷ் பிளகின்களை ஒன்றாக ஓட்டாதீர்கள், ஒரே கோப்புக்காக மோதிக்கொள்ளும். லைட்ஸ்பீடு கேஷ் பிளகினின் பக்க கேஷுக்கு லைட்ஸ்பீடு சர்வரோ அவர்களின் குவிக்.கிளவுட் சேவையோ தேவை.

மெனு போன்றவற்றை இயக்கும் ஜாவாஸ்கிரிப்ட் கோப்புகளைச் சுருக்கும் அமைப்புகளைக் கடைசியில், ஒவ்வொன்றாக இயக்கிப் பாருங்கள். மெனு திறக்காமல் போவது பெரும்பாலும் அங்கேதான்.